பணிச்சோர்வும் விசுவாசமும்: வேலையை விடாமல் மீள்வது

எங்கள் ஆற்றுப்படுத்தல் பிரிவின் கதவைத் தட்டுவோரில் பலர் நோயாளிகள் அல்லர். நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். தாயாரை டயாலிசிஸுக்கு அழைத்து வந்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து அலுவலக வேலையைப் பார்க்கும் மகன். இரவுப்பணி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே வார்டுக்கு வரும் மகள். பகலெல்லாம் பள்ளியில் கற்பித்துவிட்டு மாலையில் கணவருக்குக் கஞ்சி கொண்டுவரும் ஆசிரியை. மருத்துவச் செலவு இவர்களுடைய சம்பளத்தில்தான் நடக்கிறது. “வேலையை விட்டுவிடலாம் போல் இருக்கிறது, விட்டால் மாத்திரை வாங்குவது யார்?” என்பது இவர்களின் கேள்வி. கிறிஸ்தவர்களாக இருப்பின், சற்றுத் தயங்கி, இன்னொன்றையும் சேர்த்துக் கேட்பார்கள்: “ஜெபிக்கக்கூட மனம் வரவில்லை. இது என் விசுவாசக் குறைவா?”

இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே இங்கு விடை தேட முயல்கிறோம். வேலையை விடுவது இவர்களில் பலருக்கு இயலாத காரியம். ஆகவே வேலையில் இருந்துகொண்டே, தாம் பற்றியிருக்கும் விசுவாசத்தின் துணையோடு எவ்வாறு மீளலாம் என்பதைச் சொல்வதே பயன்தரும். வேறு நம்பிக்கை உடையோருக்கும் இதில் எடுத்துக்கொள்ளத் தக்கவை உண்டு என்று நம்புகிறோம்.

பணிச்சோர்வு என்பது எது?

வேலை செய்தால் களைப்பு வருவது இயற்கை. ஒருநாள் நன்கு உறங்கினால் அது நீங்கிவிடும். உறங்கி எழுந்த பின்னும் நீங்காத சோர்வு வேறு வகை. ‘பர்ன் அவுட்’ என்று வழங்கும் இந்நிலையை 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர் எடுத்தெழுதினார். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் தொண்டாற்றியவர்களிடமே அவர் இதனைக் கண்டார் என்பது கவனிக்கத்தக்கது. சோம்பேறிகளுக்கு இது வருவதில்லை. மனம் வைத்து உழைப்பவர்களுக்கே பெரிதும் வருகிறது. பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் ஆய்வாளர், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981-இல் இதனை அளப்பதற்கான வினாத்தொகுப்பை வெளியிட்டார். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், இது ஒரு நோயாக அன்றி, பணி சார்ந்த நிகழ்வாக இடம்பெற்றுள்ளது. அதற்கு மூன்று முகங்கள் சொல்லப்படுகின்றன: ஆற்றல் வற்றிப்போதல், வேலையின் மீதும் அதனால் சந்திக்கும் மனிதர்கள் மீதும் கசப்பும் விலகலும் உண்டாதல், எதைச் செய்தாலும் பயனில்லை என்ற எண்ணம் வேரூன்றுதல்.

மூன்றில் இரண்டாவதே எளிதில் கண்ணில் படாமல் நழுவுவது. முன்பு மாணவரைப் பெயர் சொல்லி அழைத்த ஆசிரியை, “இந்த வகுப்பு உருப்படாது” என்று சொல்லத் தொடங்குவார். பரிவோடு பேசிய செவிலியர், நோயாளியைப் படுக்கை எண்ணாக மட்டும் பார்க்கத் தொடங்குவார். குணம் கெட்டுவிட்டது என்று வீட்டார் எண்ணுவர். கெட்டது குணமன்று, தீர்ந்துபோனது இருப்பு.

விசுவாசத்தைப் பற்றிப் பேசுமுன் ஒன்றை வற்புறுத்த வேண்டும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, கட்டுப்படாத சர்க்கரை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு நோய் ஆகியவையும் இதே முகத்தோடு வரக்கூடும். எனவே முதலில் மருத்துவரைக் கண்டு பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வேலையில்லாத நாளிலும் எதிலும் மகிழ்ச்சி இல்லை, பசியும் உறக்கமும் மாறிவிட்டன, இந்நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால், அதனைப் பணிச்சோர்வு என்று சொல்லித் தள்ளிவைக்கக் கூடாது. அது மருந்தும் சிகிச்சையும் வேண்டும் மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

சூரைச்செடியின் கீழே

வேதாகமத்தில் பணிச்சோர்வுக்கு ஒரு தெளிவான சித்திரம் உண்டு. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் வரும் எலியாவின் வரலாறு அது. பலரும் கர்மேல் மலையின் வெற்றியோடு எலியாவை நிறுத்திவிடுகிறார்கள். எங்களுக்கு அதற்கடுத்த நாள்களே முக்கியம். யேசபேலின் மிரட்டல் ஒன்று வந்ததும் அத்தனை பெரிய தீர்க்கதரிசி ஓடுகிறார். பெயெர்செபாவில் தம் வேலைக்காரனையும் விட்டுவிட்டுத் தனியே வனாந்தரத்துக்குள் செல்கிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, போதும், சாகவேண்டும் என்று கேட்கிறார்.

அப்போது அவருக்குக் கிடைத்தது என்ன என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கண்டனம் கிடைக்கவில்லை. உபதேசமும் கிடைக்கவில்லை. உறக்கம் கிடைத்தது. தூதன் தட்டி எழுப்பியபோது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. உண்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் தடை இல்லை. இரண்டாம் முறையும் எழுப்பி, பயணம் உன் பலத்துக்கு மிஞ்சியது என்ற பொருள்பட ஒரு சொல் சொல்லி, மறுபடியும் உண்ணக் கொடுக்கப்பட்டது. பெலன் குறைந்திருக்கிறது என்பதைத் தேவனுடைய தூதனே ஒப்புக்கொள்கிறான்! ஜெபிக்க மனம் வரவில்லையே என்று அழுவோரிடம் நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: எலியாவிடம் அந்த நேரத்தில் ஜெபம் எதிர்பார்க்கப்படவில்லை. சாப்பாடும் தூக்கமுமே முதல் சிகிச்சை.

பேச்சு பிற்பாடு வருகிறது. நாற்பது நாள் கழித்து ஓரேபின் குகையில், இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி இரண்டு முறை எழுகிறது. எலியாவும் இரண்டு முறையும் அதே புலம்பலைச் சொல்கிறார்: நான் ஒருவனே மீதியாயிருக்கிறேன். பணிச்சோர்வின் மொழி இதுவே. ‘நான் ஒருவனே’ என்ற சொல்லை எங்கள் அறையில் எத்தனையோ குரல்களில் கேட்டிருக்கிறோம். இதற்குக் கிடைத்த விடை, வேலையிலிருந்து விடுதலை அன்று. வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லப்படுகிறது. ஆனால் பழைய சுமையோடு அன்று: வேலை மூன்று குறிப்பான காரியங்களாகச் சுருங்குகிறது; உன்னைத் தவிர ஏழாயிரம் பேர் உண்டு என்று கணக்குத் திருத்தப்படுகிறது; எலிசா என்னும் உடன்பணியாளர் ஒருவர் கிடைக்கிறார். வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியே போனவர், துணையோடு பணிக்குத் திரும்புகிறார்.

வேலையில் இருந்துகொண்டே மீள்வது என்று நாங்கள் சொல்லும்போது இந்த வரிசையையே மனத்தில் கொள்கிறோம்: உடலைத் தேற்றுதல், உள்ளதை உள்ளபடி சொல்லுதல், பணியின் அளவை மாற்றுதல், துணையைப் பெறுதல். ‘இன்னும் பலம் தாரும்’ என்று கேட்டுக்கொண்டே அதே சுமையைச் சுமப்பது இந்த வரிசையில் எங்கும் இல்லை.

ஜெபம் மற்றொரு வேலையாகிவிடலாமா?

நம்முடைய சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சோர்ந்திருக்கிறார் என்றால், உபவாச ஜெபத்துக்கு வாருங்கள், முழுஇரவு ஜெபத்தில் கலந்துகொள்ளுங்கள் என்று அன்போடு அழைப்பார்கள். அன்பை மதிக்கிறோம். ஆயினும் உறக்கம் கெட்டுப்போனவருக்கு இன்னோர் இரவு விழிப்பு உதவாது என்பதை மருத்துவமனையில் இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க இயலாது. இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். மனநல மருந்து உட்கொள்வோர், விசுவாசத்தின் பேரில் அதனைத் திடீரென நிறுத்துவதும் தீங்கானது. மருந்தும் தேவன் தந்த அடையே என்று கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமையும் பலருக்கு இன்னொரு வேலைநாள் ஆகிவிட்டது. காலையில் ஞாயிறு பள்ளி, பிறகு பாடகர் குழு, ஆராதனைக்குப் பின் கமிட்டிக் கூட்டம், மாலையில் வீட்டு ஜெபக்கூட்டம். ஆறு நாள் அலுவலகத்திலும் ஏழாம் நாள் ஆலயத்திலும் உழைப்பவருக்கு ஓய்வுநாள் எங்கே இருக்கிறது? மூன்று மாதத்துக்கு ஆலயப் பொறுப்புகளிலிருந்து விலகி, பின் வரிசையில் வெறுமனே அமர்ந்து ஆராதிக்க அனுமதி கேளுங்கள். போதகர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. கேட்பதற்குத்தான் நாம் வெட்கப்படுகிறோம்.

அப்படியானால் ஜெபம் எவ்வாறு இருக்கலாம்? குறுகியதாக இருக்கலாம். பேருந்தில் அமர்ந்திருக்கும் பத்து நிமிடம் போதும். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விட்டு, தெரிந்த ஒரு சங்கீதத்தின் ஒரு வரியை மனத்துக்குள் சொல்லலாம். சொற்கள் வராவிடில் புலம்பல் சங்கீதங்களின் சொற்களைக் கடன் வாங்கலாம். 88-ஆம் சங்கீதத்தை நாங்கள் பலருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறோம்; அது இருளோடுதான் முடிகிறது, ஆறுதலான கடைசி வரி ஒன்றும் அதில் இல்லை. இப்படியும் ஒரு ஜெபம் வேதாகமத்தில் இருக்கிறதா என்று வியப்பவரின் முகத்தில் தோன்றும் தளர்வை நாங்கள் கண்டிருக்கிறோம்.

நண்பகலில் நின்றுபோகும் சூரியன்

இந்தச் சோர்வு நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், நண்பகலில் துறவியைப் பிடிக்கும் ஒரு சோர்வைப் பற்றி எழுதினார். சூரியன் நகராமல் நின்றுவிட்டது போல் தோன்றும்; துறவி அடிக்கடி வெளியே எட்டிப் பார்ப்பார்; இருக்கும் இடமும் செய்யும் கைவேலையும் வெறுத்துப்போகும்; வேறு இடத்துக்குப் போனால் எல்லாம் எளிதாகிவிடும் என்ற எண்ணம் வரும். பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலகக் கடிகாரத்தைப் பார்க்கும் எவருக்கும் இது விளங்கும்.

தமிழ்நாட்டில் வனத்து அந்தோனியார் என்று பலரும் போற்றும் துறவியும் இதனை அறிந்தவரே. 356-இல் மறைந்த அவரைப் பற்றி, பாலைவனத் துறவியரின் மொழித்தொகுப்பில் இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. சோர்வில் தவித்த அவர், என்ன செய்வேன் என்று தேவனிடம் முறையிட்டபோது, தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து கயிறு பின்னுவதையும், சற்று நேரத்தில் எழுந்து ஜெபிப்பதையும், மறுபடி அமர்ந்து பின்னுவதையும் கண்டாராம். அது தேவதூதன், இவ்வாறே செய் என்பதே விடை. வேலையை விடவும் சொல்லவில்லை, இடைவிடாது செய்யவும் சொல்லவில்லை. இரண்டாவது நிகழ்ச்சியில், துறவியர் இளைப்பாறி மகிழ்ந்திருப்பதைக் கண்டு முகம் சுளித்த வேட்டைக்காரனிடம், வில்லை வளைக்கச் சொல்கிறார். இன்னும் வளை, இன்னும் வளை என்கிறார். இதற்கு மேல் வளைத்தால் ஒடிந்துவிடும் என்று வேட்டைக்காரன் சொல்ல, துறவியரும் அப்படித்தான் என்கிறார் அந்தோனியார்.

கயிறும் ஜெபமும் மாறிமாறி வந்த அந்த ஒழுங்கை இன்றைய பணிக்குள் கொண்டுவர முடியும். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையே, ஒரு நோயாளியின் படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு நகரும் முன் கை கழுவும்போது, ஒரு அழைப்பை முடித்து அடுத்ததை எடுக்கும் முன், அரை நிமிட இடைவெளி. கை கழுவும் நீரையே ஜெபத்தின் அடையாளமாக வைத்துக்கொண்ட செவிலியர்கள் உண்டு. இதற்கு மேலாளரின் அனுமதி தேவையில்லை.

ஓய்வுநாள்

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை எசமானருக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. வேலைக்காரனும் வேலைக்காரியும், வீட்டில் தங்கும் அந்நியனும், மாடும் கழுதையும்கூட இளைப்பாற வேண்டும் என்கிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்ததை நினைவுகூர்ந்து இதனைக் கைக்கொள்ளும்படி உபாகமம் 5-ஆம் அதிகாரம் கூறுகிறது. அதாவது, ஓய்வெடுப்பது ‘நான் அடிமை அல்ல’ என்று அறிக்கையிடுவதாகும். யூத மரபில் நாள் மாலையில் தொடங்குகிறது என்பதும் எங்களுக்குப் பிடித்த செய்தி. ஒவ்வொரு நாளும் உறக்கத்தோடு தொடங்குகிறது, உழைப்பு அதன் பிறகே வருகிறது.

ஞாயிறன்று பணியில் இருப்போர் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. மருத்துவமனையைப் பூட்ட இயலாது. இயேசுவும் ஓய்வுநாளில் நோயாளரைக் குணமாக்கினார். எந்த நாளாயினும், வாரத்தில் ஒரே நாள், மாறாமல். இயலாவிடில் ஒரு மாலையில் தொடங்கி மறுநாள் நண்பகல் வரையாவது. அந்நேரத்தில் அலுவலகக் கைப்பேசி அலமாரிக்குள் இருக்கட்டும்.

ஓய்வு தடைபடும் என்பதையும் எதிர்பார்த்தே இருக்க வேண்டும். மாற்கு 6-ஆம் அதிகாரத்தில், சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷரை இயேசு தனிமையான இடத்துக்கு இளைப்பாற அழைக்கிறார். படகில் போய்ச் சேருமுன்பே கூட்டம் அங்கே வந்து நிற்கிறது! அவர் மனதுருகி அவர்களுக்குப் போதிக்கிறார், உணவளிக்கிறார். ஆயினும் மாலையில் சீஷரைப் படகில் அனுப்பிவிட்டு, கூட்டத்தையும் அனுப்பிவிட்டு, தாம் தனியே மலைக்குப் போகிறார். கெட்டுப்போன ஓய்வு கைவிடப்படவில்லை; அன்றைக்கே வேறு நேரத்தில் மீட்கப்பட்டது. கிளைச் சிரமங்கள் நிறைந்த வீடுகளுக்கு இந்தப் பகுதி மிகவும் பொருந்தும்.

மேலாளரிடம் என்ன கேட்பது?

மோசே காலைமுதல் மாலைவரை தனியே அமர்ந்து ஜனங்களின் வழக்குகளைத் தீர்ப்பதைக் கண்ட அவருடைய மாமனார் எத்திரோ, நீரும் தளர்ந்துபோவீர், ஜனமும் தளர்ந்துபோகும் என்று எச்சரிக்கிறார். பெரிய வழக்குகள் மட்டும் மோசேயிடம் வரட்டும், சிறியவற்றை மற்றவர் தீர்க்கட்டும் என்பது அவர் யோசனை. மோசே பணியை விடவில்லை, பணி பங்கிடப்பட்டது. வெளியிலிருந்து வந்தவரே அதனைக் கண்டார் என்பதால், உங்கள் எத்திரோ யார் என்று எண்ணிப் பாருங்கள். வாழ்க்கைத் துணையாகவோ, பழைய நண்பராகவோ, மருத்துவராகவோ இருக்கலாம்.

மேலாளரிடம் ‘என்னால் முடியவில்லை’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, குறிப்பாகக் கேட்பது பலனளிக்கும். தொடர்ந்து வரும் இரவுப்பணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், வார விடுப்பை ஒரே நாளில் நிலைநிறுத்துதல், சிகிச்சை நாளில் பிற்பகலில் பணிக்கு வருதல், இரவு எட்டு மணிக்குப் பின் அழைப்பு எடுக்காதிருத்தல் ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ, மூன்று மாத காலத்துக்கு என்று எழுத்தில் கேட்கலாம். சேர்த்துவைத்த விடுப்பைப் பிள்ளையின் திருமணத்துக்கென்று முழுவதும் ஒதுக்கிவைக்காமல், இப்போதே சில நாள் எடுப்பது நல்லது. தேவைப்படின் எங்கள் மருத்துவர்கள் சான்றிதழ் தருவர்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பணிச்சோர்வு மிகுதியான வேலையால் மட்டும் வருவதன்று. தன் வேலையில் தனக்கு எவ்வித அதிகாரமும் இல்லாமை, பாராட்டின்மை, குழுவில் பகை, அநியாயம், மனச்சாட்சிக்கு ஒவ்வாத காரியங்கள் ஆகியவையும் காரணங்கள் என்று மாஸ்லாக்கும் அவருடன் ஆய்ந்த மைக்கேல் லெய்ட்டரும் காட்டியுள்ளனர். பொய்க்கணக்கு எழுதச் சொல்லும் இடத்தில், வாடிக்கையாளரை ஏமாற்றச் சொல்லும் இடத்தில், எத்தனை ஓய்வுநாள் கைக்கொண்டாலும் மனம் தேறாது. அங்கே வேலையைத் தக்கவைப்பதை விசுவாசத்தின் பெயரால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அவசரப்படாமல், வருமானத்துக்கு வழி பார்த்துக்கொண்டு, வேறு வேலை தேடுவதே முறை.

வீட்டாருக்கு

மீள்வது மெல்ல நடக்கும். சில வாரங்களில் உறக்கம் திரும்பலாம், பழைய ஆர்வம் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை ‘மற்றவர்கள் எல்லாம் செய்யவில்லையா’ என்ற ஒப்பீட்டைத் தவிருங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், அதனைக் கோபப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

நோயாளியைப் பார்த்துக்கொண்டே வேலைக்கும் போகிறவர்கள் சபையாரிடம் உதவி கேட்கும்போது, ‘எங்களுக்காக ஜெபியுங்கள்’ என்பதோடு நிறுத்த வேண்டாம். வியாழன் மாலை நான்கு முதல் எட்டு வரை படுக்கையருகே ஒருவர் அமர வேண்டும் என்று நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். வருகைக் குழுவினர் பலர் என்ன செய்வதென்று தெரியாமல்தான் பழப்பையோடு வந்து பத்து நிமிடத்தில் திரும்புகிறார்கள். அந்நான்கு மணி நேரத்துக்குத் துணையாளர் அனுமதிச்சீட்டை வேறொருவர் பெயரில் பெறுவது பற்றி வார்டுச் செவிலியரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவர் வந்து அமர்ந்ததும் நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு உறங்குங்கள்.